பல்லுக்குப் பல் பொட்டு

"எவன்டா அது? எவன்டா என் சக்கரத்துக்குப் பொட்டு வெச்சவன்? தைரியம் இருந்தா முன்னாடி வாடா!"

ஆயுதபூஜையன்று பகல் ஒரு மணிக்கு, பிள்ளைப்பாக்கம் தெருவே அதிரும்படி நரசிம்மன் கத்தினார். ஒரு கையில் பூசணிக்காய். இன்னொரு கையில் பல் சக்கரம். எதிரே நின்றது மனைவி சாரதா ஒருத்திதான். வீட்டில் வேறு ஆளே கிடையாது. ஆனாலும் 'எவன்டா' என்றுதான் கேட்டார். லாரிக்காரன், சூளைக்காரன், தண்டல்காரன் என்று ஊரில் எவனையும் பேர் சொல்லித் திட்டக்கூடியவர். வீட்டுக்குள் மட்டும் பேர் சொல்ல மாட்டார். சொன்னால் என்ன ஆகும் என்பது கல்யாணமான முதல் மாதமே தெரிந்துவிட்டது.

இந்தக் கதையைக் காலையிலிருந்து சொன்னால் போதாது. இரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

நரசிம்மன் சைக்கிளில் முட்டை விற்று முன்னுக்கு வந்தவர். இப்போது செங்கல் வியாபாரம். பள்ளிக்கூடம் சொல்லித் தராததையெல்லாம் பேரம் சொல்லித் தந்தது. எண்பத்தொன்பதாம் வருஷம் ஒரு பழைய அம்பாசிடரைப் பேரம் பேசியே மடக்கினார். விற்றவன் கடைசியில் அழுதுவிட்டான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். சாரதாவின் தம்பி உதயசூரியனிடமும் சொன்னார். ஒரகடம் கூட்ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அவன், பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டான்.

"மாமா, அவன் அழுதது சந்தோஷத்துல. இதோட டைமிங் செயின் ரெண்டு வருஷம் தாங்காது."

வந்ததே கோபம்! வண்டியைக் குறை சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பார். பேரத்தையல்லவா குறை சொல்லிவிட்டான்? "நானா என் வாயால கூப்பிடற வரைக்கும் இந்த கேட்டைத் தாண்டாதே!" என்று விரட்டிவிட்டார்.

அவனும் ரோஷக்காரன். தாண்டவில்லை. இப்போது அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அடுத்த மாதம் முகூர்த்தம். அக்காவுக்கும் மாமாவுக்கும் பத்திரிகை வைக்க உள்ளே வர முடியவில்லை. மாமா வராமல் தாலி கட்ட மாட்டேன் என்று வேறு சொல்லிவிட்டான். சாரதாவுக்கு ஒரு மாதமாகத் தூக்கமில்லை.

"ஒரே ஒரு வார்த்தை கூப்பிடுங்களேன்."

"மாட்டேன்."

"இருக்கறது ஒரே தம்பிங்க."

"எனக்கு இருக்கறது ஒரே வாய். குடுத்த பேச்சை மாத்தாது."

இந்தச் சமயம் பார்த்துத்தான் செயின் போனது. சொன்ன கெடு தப்பவில்லை. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி என்ஜின் முன்பக்கம் ஒரே சத்தம். ஸ்ரீபெரும்புதூரில் வேறு மெக்கானிக்கே இல்லையா? இருக்கிறார்கள். ஆனால் யாரிடம் விட்டாலும் பொழுது சாய்வதற்குள் உதயசூரியன் காதுக்குப் போய்விடும். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்தாலே நரசிம்மனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நானே மாத்தறேன்!"

"குழாய்க்கு வாஷர் மாத்தத் தெரியல. செயின் மாத்தப் போறீங்களா?"

"சைக்கிள் செயினு எத்தினி மாத்திக்கறேன் தெரியுமா? அதுவும் செயினுதான், இதுவும் செயினுதான்."

"சைக்கிள்ல பெடலு கீது. இதுல இன்னா கீது?"

"இதுல நான் கீறேன். நீ போய் காபி போடு!"

அத்தோடு விடவில்லை. மதில்மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மெர்சியிடமும் சவால் விட்டார். "பூஜையன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கினு தெருவுல போவும். போவலைன்னா நான் பேரம் பேசறதையே வுட்டுடறேன்!"

மெர்சி அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ரேடியேட்டர் இறங்கியது. பெரிய நட்டு ஒன்று, அரை நாள் அவரோடு மல்லுக்கட்டிவிட்டு இறங்கியது. மூடியைக் கழற்றினால், மேலே பெரிய பல் சக்கரம், கீழே சின்னது, இரண்டையும் சுற்றித் தொளதொளவென்று செயின். எந்தப் பல்லுக்கு எந்தப் பல் நேராக நிற்கிறதோ, அப்படியே திரும்ப நிற்க வேண்டும். ஒரு பல் பிசகினால் வண்டி இருமும். நாலு பல் பிசகினால் மூச்சே விடாது. அந்த அளவுக்கு அவருக்கும் தெரியும். அடையாளம் வைக்கப் பெயின்ட் இல்லை. பூஜைக்கு எடுத்து வைத்திருந்த குங்குமத்தைக் குழைத்து, பெரியதில் ஒரு பல்லுக்கும் சின்னதில் ஒரு பல்லுக்கும் பொட்டு வைத்தார்.

"பார்த்துக்கோ சாரதா. இதுக்குப் பேருதான் மூளை."

"பார்த்துக்கினேன்" என்றாள் சாரதா.

பூஜையன்று காலை சக்கரங்களைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்துவிட்டுப் பூசணிக்காய் வாங்கப் போனார். அவர் பூசணிக்காய் வாங்கப் போனால் மூன்று மணி நேரம். தட்டிப் பார்ப்பார், காம்பு சரியில்லை என்பார், வேண்டாமென்று போவார், போவது போல் போய்த் திரும்பி வருவார். கடைக்காரன் காயைக் கொடுத்தால் போதும் என்று கையெடுத்துக் கும்பிடும்வரை விடமாட்டார். இது சாரதாவுக்குத் தெரியாதா?

திரும்பி வந்து பார்த்தால் தாம்பாளம் ஜொலித்தது. பெரிய சக்கரத்தில் நாற்பது பல், சின்னதில் இருபது. அறுபது பல்லுக்கும் சந்தனம், குங்குமம். ஒன்றுகூட விடுபடவில்லை. இதில் அவர் வைத்த பொட்டு எது? சக்கரங்களைக் கழற்றிய வேகத்தில் ஷாஃப்ட்டும் எங்கெங்கோ சுற்றிவிட்டிருந்தது. நம்பிக்கையெல்லாம் அந்த இரண்டு பொட்டில்தான் இருந்தது.

அப்போது கத்தியதுதான் நாம் முதலில் கேட்டது.

தெரு கூடிவிட்டது. "இன்னாண்ணே, எலுமிச்சம்பழம் ரெடியா?" என்று மெர்சி மதில்மேல் தோன்றினாள்.

"மெர்சி, நீயா பொட்டு வெச்சே?"

"நான் வேதக்காரிண்ணே! என் நெத்திக்கே வெக்கறதில்ல, உன் வண்டிக்கு வெப்பனா?"

நரசிம்மன் குரலை முக்கால்வாசி இறக்கினார். "சாரதா... நீ ஏதாவது..."

"என் விரல் படல. எரியற கற்பூரத்து மேல சத்தியம்."

சாரதா பொய்ச் சத்தியம் செய்ய மாட்டாள். அப்படியானால் வெளியாள்! நரசிம்மனுக்கு அப்பாடா என்றிருந்தது. வெளியாள் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாமே!

"வுட மாட்டேன் அவனை!"

"போனா போவுது, வுடுங்க" என்றாள் சாரதா. "எவனோ தெரியாம வெச்சிட்டான்."

"போனா போவுதா? அவன் வரணும். இந்த வாசலுக்கு வந்து பதில் சொல்லணும்!"

"வாசலோட நிறுத்திக்குங்க. கண்டவனையெல்லாம் உள்ள வுடாதீங்க."

"ஏன் வுடக்கூடாது? இது என் வூடு. உள்ளதான் வரணும்! வந்து அவன் கையாலயே செயினைப் போடணும்!"

"சரி, போட்டதும் தொரத்திடுங்க. சோறெல்லாம் போட என்னால ஆவாது."

எதிராளி ஒரு படி இறங்கினால் தான் ஒரு படி ஏறுவது முப்பது வருஷப் பழக்கம். வாய் தானாக ஏறியது. "போடத்தான் போடுவே! இலை போட்டு, வடை பாயசத்தோட போடுவே! டேய், எவன் பொட்டு வெச்சியோ, நரசிம்மன் கூப்பிடறேன், உள்ள வாடா!"

சாரதா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தாள்.

"உதயா! மாமா அவர் வாயாலயே கூப்பிட்டாரு. வா."

மெர்சி வீட்டு முருங்கை மரத்துப் பின்னாலிருந்து உதயசூரியன் வந்தான். தோளில் ஸ்பேனர் பை. கையில் வெற்றிலை பாக்கு, பழம், மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை.

"நீயா? கேட்டைத் தாண்டி வந்தா வெச்சே?" என்றார் நரசிம்மன்.

"தாண்டலையே மாமா. அக்கா தாம்பாளத்தை கேட்டுக்கு வெளிய நீட்டுச்சு. நான் ரோட்ல நின்னுக்கினுதான் வெச்சேன்." கைத்துணியால் இரண்டு சக்கரத்தையும் துடைத்தான். ஒவ்வொன்றிலும் ஊசி குத்தினாற்போல் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. "இந்தப் புள்ளியும் அந்தப் புள்ளியும் நேருக்கு நேர் பார்த்தா போதும், மாமா. செய்யும்போதே குத்தி வெச்சிருக்காங்க. நீங்க பொட்டே வெச்சிருக்க வேணாம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நரசிம்மன் தெருவைப் பார்த்தார். பத்திரிகையைப் பார்த்தார். வடைக்கு உளுந்து ஏற்கெனவே ஊறிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பேரம் முடிந்துவிட்டது. விலையும் அவர் சொன்னதுதான். ஆனால் கொசுறு வாங்காமல் எந்தப் பேரத்தையும் அவர் முடித்ததில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினார்:

"வந்தது வந்துட்டே, சும்மா வுட மாட்டேன்! பிரேக்கும் ஒரு மாசமா புடிக்கல. ரெண்டையும் சரி பண்ணிட்டு அப்புறம் பத்திரிகையை நீட்டுடா!"