தொரப்பணத்தின் கல்யாண அடுப்பு

ஜவ்வாது மலையைச் சுற்றி எங்கேயாவது நடந்து போகும்போது உங்கள் செருப்பு ஒரு ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டால் தயவுசெய்து எலியைத் திட்டாதீர்கள். அது தொரப்பணம் போட்ட ஓட்டை. எலிகூட ஒரு தேவைக்குத்தான் பூமியைத் தோண்டும். இவனுக்கு அந்த நியாயம் கிடையாது.

அவனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. அது அவன் அம்மாவுக்கும் ஆபீசில் சம்பளம் போடுகிற குமாஸ்தாவுக்கும் மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவன் தொரப்பணம். தச்சர்கள் மரத்தில் துளை போடுகிற கருவி அது. இவன் கையில் இருந்தது மண்ணில் துளை போடுகிறது. இடுப்பு உயரத்துக்கு இரும்புத் தண்டு, மேலே குறுக்காக ஒரு பிடி, கீழே முறுக்கிய வாய். பிடியைத் திருகினால் பூமிக்குள் இறங்கும். இழுத்தால் வாய் நிறைய மண்ணோடு வெளியே வரும். நானும் அவனும் மண் பரிசோதிக்கிற ஆபீசில் ஒன்றாக வேலை பார்த்தோம், மலையடிவாரத்தில் ஒரு வீட்டு மாடியில் ஒரே அறையில் குடியிருந்தோம். ஆபீஸ் வேலைக்குத் துளை போட்டால் நானும்தான் போடுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் போடுகிறவனை என்ன செய்வது?

வீட்டுக்கார அம்மா ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் உங்க ஃப்ரெண்டு? காலைல வாசத் தெளிச்சா தண்ணி பூரா ஓட்டையில போய்டுது. கோலத்துக்குப் புள்ளி வெக்கற வேலையே எனக்கு இல்ல, அவரே வெச்சிட்டாரு."

பையன்கள் வாலிபால் ஆடுகிற மைதானத்தையும் அவன் விட்டுவைக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் பன்னைப் பிய்த்து விரலிடுக்கில் வைத்து நாடா மாதிரி நீட்டிப் பார்ப்பான். மண்ணுக்குச் செய்கிற சோதனை அது. நீளமாக வந்தால் களிமண், உதிர்ந்தால் மணல். கடைக்காரரிடம், "உங்க பன்னுல மணல் ஜாஸ்திண்ணே," என்று ஒரு தடவை சொல்லிவிட்டான். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு ஒரு மாதம் எங்களுக்கு டீ தரவில்லை. நான் கண்ணமங்கலத்துக்காரன், டீ இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. அந்த ஒரு மாதம் நான் அவனோடு பேசவில்லை.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் கிடைக்குமா? பார்க்கப் போன வீட்டிலெல்லாம் பஜ்ஜி, கேசரி தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "கொல்லப் பக்கம் ஒரே ஒரு ஓட்டை போட்டுக்கட்டுங்களா?" என்பான். போட்டுவிட்டு வந்து பெண்ணின் அப்பாவிடம், "கீழ களிமண்ணு. உங்க வூட்டுச் செவுரு அஞ்சாறு வருஷத்துல வெடிக்கும்ங்க," என்பான். அதற்குப் பிறகு யார் பெண் கொடுப்பார்கள்? அவன் அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டே இருந்தார்.

காவலூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரிந்து போனால் அடிவாரத்தில் தட்டையாக ஒரு வெளி. பளபளவென்று மணல், நடுவே வேர்க்கடலைக் கொல்லைகள், ஓரத்தில் மாதா கோயிலோடு ஒரு ஊர். தொரப்பணத்துக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அதுதான். வாய் ஓயாமல் அதைப் பற்றிப் பேசுவான்.

"இது பூரா முன்ன ஏரி இருந்த எடம்யா. தண்ணி அசையாம நின்னுச்சா, பொடி மண்ணு மெள்ள மெள்ள அடியில தங்கிச்சி. அதான் களி. அப்பறம் மலை ஓடை மணலைக் கொண்டாந்து மேல கொட்டிச்சி. ஏரி பூட்ச்சி, களி போகல. மழ பேஞ்சா தண்ணி மணல்ல விறுவிறுன்னு எறங்கும், களி மேல போய்க் குந்திக்கும். அதுக்குக் கீழ போக வழி இல்ல. மேல பாத்தா காஞ்சி கெடக்கும். ரெண்டடியில கொளம்."

ஒருநாள் மலைமேல் நெல்லிவாசல் நாட்டுப் பக்கமிருந்து ஷேர் ஜீப்பில் இறங்கிக்கொண்டிருந்தோம். புளி மூட்டைகள், மூட்டைகளின் மேல் நாங்கள். டிரைவர் சுற்றுவழியை மிச்சம் பிடிக்க அந்த வெளியில் குறுக்கே இறக்கினான். தொரப்பணம் அலறினான்.

"யோவ், வேணாம்யா. கீழ தண்ணி கீது."

"மணல் காஞ்சி கெடக்குது சார். நான் இன்னா நேத்தா ஓட்றேன்?"

கொஞ்ச தூரம் ஓடியது. அப்புறம் பின்சக்கரம் அமைதியாக உள்ளே போய்விட்டது. டிரைவர் முறுக்க முறுக்க ஜீப் உட்கார்ந்துகொண்டே வந்தது. எல்லோரும் இறங்கி டிரைவரைத் திட்டினோம், பிறகு பழக்க தோஷத்தில் தொரப்பணத்தையும் திட்டினோம். ஒரே ஒரு பெண் மட்டும் அவன் அருகில் வந்து, "உங்களுக்கு எப்டிங்க தெரிஞ்சிச்சி?" என்று கேட்டாள்.

ஸ்டெல்லா. மலைமேல் சுகாதார நிலையத்தில் நர்ஸ், அந்த ஊர் ஆரோக்கியசாமியின் மகள். அதுவரை அவனிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. டிராக்டர் வந்து ஜீப்பை இழுக்கும்வரை பதில் சொன்னான். ஓட்டை போட்டு, சாம்பலும் நீலமுமாக ஒரு களி உருண்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"இந்த மஞ்சப் புள்ளி பாத்தீங்களா? தண்ணி வந்து வந்து போற எடம். மண்ணுல கீற இரும்பு துரு புடிக்குது."

"இரும்பு கம்மியா கீற பொம்பளைங்களத்தான் நான் தெனமும் பாக்கறேன்," என்றாள் அவள். சொல்லிவிட்டு அந்த உருண்டையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். எனக்கு அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. அவனுக்கு விளங்க ஒரு போகம் கடலை விளைய வேண்டியிருந்தது.

கல்யாணம் தை மாதத்தில், பெண்ணின் ஊர் மாதா கோயிலிலேயே நிச்சயமானது. ஸ்டெல்லாவின் பெரியப்பாவுக்கு மட்டும் துளியும் இஷ்டமில்லை. "ஊருபூரா ஓட்டை போட்றவனுக்கா பொண்ணு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆரோக்கியசாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் ஊசி போட்டு, பிரசவம் பார்த்த மலைக் குடும்பங்கள் அத்தனை பேரையும் சாப்பிட அழைத்துவிட்டார். அவர்கள் விடியுமுன் நடக்க ஆரம்பித்து, ஜீப் பிடித்து வருகிறவர்கள். ஒருத்தரும் பசியோடு திரும்பக் கூடாது என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கவலை.

முதல்நாள் சாயங்காலம் பிரியாணி மாஸ்டர் பந்தலுக்குப் பின்னால் குழியடுப்பு வெட்டினார். எங்கள் பக்கத்தில் பெரிய அண்டா என்றால் நீளமாகக் குழி வெட்டி, உள்ளே விறகை அடுக்கி, மேலே அண்டாவை வைப்பதுதான் வழக்கம். "மண்ணு வெண்ண மாரி வெட்டுது," என்று மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம். மாப்பிள்ளையும் பெண்ணும் அங்கேயேதான் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் போய்ப் பார்த்தால் குழி நிறையத் தண்ணீர். உள்ளே ஒரு தவளை நீந்திக்கொண்டிருந்தது. மாஸ்டர் இடுப்பில் கை வைத்தபடி, "இதுல பிரியாணி செய்யறதா, மீன் வளக்கறதா?" என்று கேட்டார். பக்கத்தில் இன்னொரு குழி வெட்டினார்கள். அதிலும் ஊறியது. குழி வேண்டாம் என்று கல்லை மேலேயே வைத்து அண்டாவை ஏற்றினால், ஊறிய மணலில் கல் சாய்ந்து அண்டாவும் சாய்ந்தது. ஆரோக்கியசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியப்பாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"கல்யாணத்தன்னிக்கு அடுப்பு எரியல. இது நல்லதுக்கில்ல. ஃபாதர்கிட்ட பேசி இன்னொரு நாளு வெச்சிக்கலாம்."

நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தில் நேராக மாப்பிள்ளை இருந்த அறைக்குப் போனேன். கோட்டு சூட்டோடு, பவுடர் பூசி, நாற்காலியில் சாதுவாக உட்கார்ந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாய்யா, உலகம்பூரா ஓட்டை போட்டியே. நேத்து அந்த எடத்துலயேதான நின்னுக்கினு இருந்த? உன் கல்யாணத்துக்கு ஒரு ஓட்டை போடக் கூடாதா?"

அவன் முகம் சிவந்துவிட்டது.

"நான் மண்ணைப் பாக்கலய்யா," என்றான். "அவளைப் பாத்துக்கினு இருந்தேன்."

என்ன சொல்லித் திட்டுவது? கட்டிலுக்கு அடியிலிருந்து அவனே கருவியை இழுத்தான். கல்யாணத்துக்கு எதற்கு அதைக் கொண்டுவந்தான் என்று நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளை கோட்டோடு ஓடினான். பந்தல் ஓரத்தில் ஒரு ஓட்டை, இரண்டடியில் களி. கோயில் பக்கம் ஒன்று, அங்கேயும் களி. பின்னால் நான், எனக்குப் பின்னால் மாஸ்டர், தலைக்கு மேலே போட்டோக்காரரின் ட்ரோன். "ஏரின்னா கரை இருந்திருக்கும். அலை மணலைத் தள்ளித் தள்ளி மேடு கட்டியிருக்கும்," என்று முனகிக்கொண்டே ஓடியவன், ஊர்க்கோடியில் லேசாக உயர்ந்த ஓர் இடத்தில் நின்று திருகினான். மணல் வந்தது. இன்னும் திருகினான். பிடிவரை இறங்கியும் உலர்ந்த மணல்தான் வந்தது.

"இதான் கரை. இங்க வெட்டுங்க மாஸ்டர்."

அது பெரியப்பா வீட்டு முற்றம். நடுவே அவருடைய புதுக் கார், துணி போர்த்தி நின்றது. கைத்தடியோடு அவரும் வந்து சேர்ந்தார்.

"என் வாசல்ல அடுப்பா? எவன்டா அவன்?"

அப்போது வெள்ளைப் புடவையும் தலையில் வலையுமாக ஸ்டெல்லா வேகமாக வந்தாள். மாப்பிள்ளையின் களி படிந்த கையைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள்.

"பெரிப்பா, மலைச் சனங்க ஜீப்பு ரோட்டாண்ட வந்துட்ச்சி. அவங்க பட்டினியா போனா நைனா தாங்க மாட்டாரு. காரை எடுங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. குழந்தைக்கு ஊசி போடும்போது அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்கிற குரல். பெரியப்பா பந்தல் பக்கம், தம்பி ஆரோக்கியசாமி உட்கார்ந்திருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துவர உள்ளே போனார்.

பூசை அரைமணி நேரம் தாமதம். மாப்பிள்ளையின் கையைப் பார்த்த ஃபாதர், "'நீ மண்ணு, மண்ணுக்கே திரும்புவே'ன்னு நாங்க சொல்றது சாம்பல் புதன்ல. கல்யாணத்துல இல்லப்பா," என்றார். கோயிலே சிரித்தது. தாலி மந்திரிப்பும் பூசையும் முடிந்து வெளியே வரும்போது ஊர்க்கோடியிலிருந்து பிரியாணி வாசனை வந்தது. மலையிலிருந்து வந்தவர்கள் வயிறார உண்டார்கள். பெரியப்பா தானே வாளியைத் தூக்கிக்கொண்டு, "என் வூட்டு அடுப்பும்மா, நல்லா துன்னுங்க," என்று பரிமாறினார். கடைசிப் பந்தியில் ஆரோக்கியசாமி உட்கார்ந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் அழுதுவிட்டார், அப்புறம் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார்.

சாயங்காலம் போட்டோவுக்கு மாப்பிள்ளை பெண்ணைக் காணோம் என்று தேடினார்கள். நான் கண்டுபிடித்தேன். பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் நின்ற குழியின் ஓரத்தில், குழிச் சுவரைக் காட்டி, மணல் எங்கே முடிகிறது, களி எங்கே தொடங்குகிறது என்று அவன் விளக்கிக்கொண்டிருந்தான். அவள் பட்டுப்புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் குனிந்து, இடையிடையே ஏதோ கேள்வி கேட்டாள்.

நான் கூப்பிடாமல் திரும்பி வந்து, காணவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தலைவலி மாத்திரை தின்றவன் நான். அன்றைக்கு அறைக்குத் தனியாக வந்து படுத்தால், பேச ஆளில்லாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை.