சுங்குடியின் உடம்பில் போனவர்கள்

திண்டுக்கல்லில் கடந்த ஒன்பது வருஷத்தில் காலமான ஆண்களில் பாதிப்பேருக்கு உடம்பு ஒன்றுதான். தலைகள் மட்டும்தான் வேறு வேறு. சந்தேகம் இருந்தால் பழைய கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏதாவது கிழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிற சுவராகப் பார்த்து நில்லுங்கள். இறந்தவரின் இடது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். நான்காவது பொத்தானுக்குப் பக்கத்தில் சின்னத் தொந்தி எட்டிப் பார்க்கும். அந்தத் தோளும் தொந்தியும் எங்கள் ஃப்ளெக்ஸ் கடை டிசைனருக்குச் சொந்தமானவை. ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. ஊருக்கு அவர் சுங்குடி.

பெயருக்குக் காரணம் சட்டை. சின்னாளபட்டிக்குப் போய்ப் பெண்கள் கட்டுகிற சுங்குடிச் சேலையை முழுசாக வாங்கி வருவார். அதைத் தரையில் விரித்து, தானே சாக்பீஸால் கோடு போடுவார். எந்தப் புள்ளி எங்கே விழ வேண்டும், கரை பொத்தான் வரிசையில் இறங்க வேண்டுமா கைமடிப்பைச் சுற்ற வேண்டுமா, முந்தானை முதுகில் எங்கே தொடங்க வேண்டும் என்று அரை நாள் யோசிப்பார். தையல்காரர் அதை அப்படியே தைத்துத் தர வேண்டும். ஒரு புள்ளி நகர்ந்தாலும் பிரிக்கச் சொல்வார். அவர் தெருமுனையில் திரும்புவதைக் கண்டாலே ஷட்டரை இறக்கிவிடுகிற தையல்காரர்கள் மூன்று பேர் எனக்குத் தெரியும்.

ஒருமுறை பஸ்ஸில் பின்சீட்டுப் பெண்மணி அவர் முதுகையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏண்ணே, இந்தச் சேலைக்கு ரவிக்கைத் துணி வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுத்தா. கர்ச்சீப்பு தச்சுட்டேன்" என்றார் இவர், பையிலிருந்து எடுத்தும் காட்டினார்.

கண்டக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் டிக்கெட்டைத் தப்பாகக் கிழித்துவிட்டார். இவருக்கு மட்டும் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. "ஏண்ணே இப்படி?" என்று நானே ஒருநாள் கேட்டேன்.

"வெள்ளச் சட்டைக்குள்ள எவன் வேணாலும் ஒளிஞ்சுக்கலாம் கவிஞரே. இதுக்குள்ள நான் ஒருத்தன்தேன் இருக்க முடியும்."

கவிஞர் என்று அவர் சொன்னது பாராட்டு இல்லை. அந்தக் கடையில் வாசகம் எழுதுவது என் வேலை. பெற்ற தாயை வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காதவருக்குப் 'பாசத்தின் சிகரமே' என்று எழுதியிருக்கிறேன். தெருக்குழாயை அடைத்துத் தன் வீட்டுக்குத் தண்ணீர் இழுத்தவருக்கு 'ஏழைகளின் தாகம் தீர்த்த தடாகமே' என்று எழுதியிருக்கிறேன். செத்தவனெல்லாம் நல்லவன் என்று ஒரு சமாதானம். சுங்குடி அதைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். "ஊருக்கே கோட்டு மாட்டி விடுறாங்க. நீரு வார்த்தையில மாட்டி விடுறீரு" என்பார்.

கோட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எல்லா ஃப்ளெக்ஸ் கடையிலும் கோட்டு என்றொரு ஃபோல்டர் உண்டு. அதில் தலையில்லாத உடம்புகள் வரிசையாக இருக்கும்: கறுப்புக் கோட்டு, நீலக் கோட்டு, பழுப்புக் கோட்டு, கடைசியில் ஒரு வெள்ளை வேட்டி சட்டை. இறந்தவரின் ஆதார் கார்டிலிருந்து தலையை வெட்டி அதில் ஒன்றில் ஒட்டினால் வேலை முடிந்தது. ஆயுசு முழுக்க ஆடு மேய்த்தவர் செத்த அன்றைக்கு வெளிநாட்டுத் தூதர் மாதிரி டை கட்டிக்கொண்டு சிரிப்பார். "தலைய வெட்டு, கோட்டுல ஒட்டு" என்பது எங்கள் முதலாளியின் தொழில் மந்திரம்.

சுங்குடி அந்த ஃபோல்டரைத் திறக்கவே மாட்டார்.

அகரத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அப்பா வெங்காயம் போட்ட விவசாயி. நீலக் கோட்டு வேண்டும் என்றார்கள்.

"உங்கப்பா கோட்டு போட்டுப் பாத்திருக்கீகளாப்பா?"

"இல்லண்ணே. சட்டையே கல்யாணங் காச்சின்னாத்தேன் போடுவாரு. தோள்ல துண்டு கெடக்கும், அம்புட்டுத்தேன்."

"அந்தத் துண்டு எங்க?"

"வீட்டுலதேன் கெடக்கும்ணே" என்றான் மூத்தவன். சுங்குடி அவர்களோடே பைக்கில் ஏறிப் போனார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட சட்டையோடு கேத வீட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. "எளவு வீட்டுக்கு வர்ற சட்டையாய்யா இது?" என்று நாலு பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். இவர் அசரவில்லை. துண்டை வாங்கினார், தன் சட்டையைக் கழற்றினார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிச்சமான சுவராகப் பார்த்து நின்றார். கூடப் போயிருந்த நான் ஃபோனில் படம் எடுத்தேன். அந்த உடம்பில் அப்பாவின் தலை ஏறியது. பதினாறாம் நாள் பேனரைப் பார்த்த பிள்ளைகளின் அம்மா சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அவுகளேதேன்" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் சுங்குடி ஜனாதிபதி விருது வாங்கினவர் மாதிரி நடந்தார்.

அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. யார் செத்தாலும் இவர் வீடு தேடிப் போய் பீரோவைத் திறக்கச் சொல்வார். எந்தச் சட்டையை அதிகம் போட்டார், கையை மடிப்பாரா, மேல் பொத்தானை மாட்டுவாரா, பையில் பேனா இருக்குமா, பீடிக்கட்டு இருக்குமா என்று போலீஸ்காரர் மாதிரி விசாரிப்பார். ஒரு வீட்டில், சொத்துக்குப் பங்கு கேட்டு வந்த ரகசிய மகன் என்றே நினைத்து வாசலில் மறித்துவிட்டார்கள். இந்தப் பக்கம் முதலாளி, "பாடிய எடுத்தப்புறம் போஸ்டர் ஒட்டுனா எவன்யா வருவான்?" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

கொடைரோட்டில் ஒரு டீக்கடைக்காரர் இறந்துபோனார். அவருடைய கட்டம்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு சுங்குடி அறையிலிருந்து முற்றத்துக்கு வந்தார். அங்கே உட்கார்ந்திருந்த இறந்தவரின் அக்காவுக்குக் கண் பார்வை மட்டு. "வந்துட்டியா அப்பு" என்று எழுந்து வந்து இவரைக் கட்டிக்கொண்டார். விலக்கிவிடப் போனவர்களை இவர் கண்ணாலேயே தடுத்துவிட்டார். அந்த அம்மா அழுது முடிக்கும்வரை இறங்கின தோளை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டு நின்றார். பிறகு எடுத்த படத்தில் தோள்பட்டை ஈரமாக இருந்தது. "அழிச்சிரலாமாண்ணே?" என்றேன். "அது அவருக்கு வந்த கண்ணீர். அழிக்க நான் யாரு?" என்றார்.

இப்படிப்பட்ட மனுஷருக்கு ஒரே மகள். நர்ஸிங் படித்தவள், கெட்டிக்காரி. பாலசமுத்திரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பத்தில் சம்பந்தம் கூடி வந்தது. பூ வைக்க வந்த அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன். சுங்குடி அன்றைக்கென்றே தைத்த கிளிப்பச்சைச் சட்டையில் எல்லோருக்கும் காபி கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா ரொம்ப மரியாதையான மனிதர். மரியாதையாகவே கத்தியை இறக்கினார்.

"ஏனுங்க சம்பந்தி, தப்பா எடுத்துக்கப்படாதுங்க. கல்யாணத்தன்னிக்கு மட்டும் சட்டை வெள்ளையில இருந்தா நல்லாருக்குமுங்க. எங்க பங்காளிக ஒரு மாதிரி பேசுவாங்கங்க. பேனர்லயும் நான் கோட்டுல இருக்கறனுங்க, நீங்களும் கோட்டுல இருந்தா ஒண்ணாட்டம் இருக்கும் பாருங்க."

சுங்குடி சிரித்துக்கொண்டே மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

மறுநாள் டீக்கடையில் க்ளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். "ராத்திரி எம்புள்ள வந்து சொல்லுச்சு கவிஞரே. 'ஒரு நாளைக்கு மட்டும் எல்லா அப்பா மாதிரியும் இருங்கப்பா'ன்னுச்சு." டீயில் ஏடு படிந்துவிட்டது. "அப்ப இம்புட்டு வருஷமா அது கண்ணுக்கு நான் எது மாதிரி இருந்தேன்?"

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பள்ளிக்கூட வாசலில் சேலைச் சட்டையோடு வந்து நிற்கும் அப்பாவுக்காக அவள் எத்தனை கேலியைத் தாங்கினாளோ. மாப்பிள்ளை வீட்டில் அப்பா 'கம்ப்யூட்டர் டிசைனிங் பிசினஸ்' என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தாளாம், சாவு போஸ்டர் என்று சொல்லவில்லையாம். எல்லாம் நியாயம்தான். நியாயம் என்று தெரிந்தும் எனக்கு அது பொறுக்கவில்லை.

கல்யாண பேனரை அவரே டிசைன் செய்தார். கடையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றோம். இந்த மனுஷர் விட்டுக்கொடுக்க மாட்டார், ஏதாவது ஒரு வித்தை செய்வார் என்று எனக்கு நிச்சயமான நம்பிக்கை. அவர் கோட்டு ஃபோல்டரைத் திறந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. நீலக் கோட்டை எடுத்து, தன் தலையை வெட்டி, அதில் ஒட்டினார். மகள் தலையில் இருந்த மல்லிகையை ஒவ்வொரு மொட்டாகச் சரிசெய்தவர், தன் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு தெரிவதை அப்படியே விட்டுவிட்டார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள் ஆனவன் செய்கிற தப்பு.

"அண்ணே, கழுத்துல வெள்ளை தெரியுதே."

"தெரியட்டும். அது எவனோ. எவனோ ஒருத்தனுக்கு அம்புட்டு வேலை எதுக்கு?"

கல்யாணத்துக்குப் பிறகு நடந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. அந்தத் திங்கட்கிழமை வெள்ளைச் சட்டையில் கடைக்கு வந்தார். சம்பந்தி வீட்டார் டவுனுக்கு வந்தால் கடைப்பக்கம் வரக்கூடுமாம். அதற்கப்புறம் யார் வீட்டுக்கும் பீரோ திறக்கப் போகவில்லை. தலையை வெட்டுகிறார், கோட்டில் ஒட்டுகிறார். வேலை மளமளவென்று முடிகிறது. முதலாளிக்குப் பரம சந்தோஷம், "இப்பத்தேன்யா பொழைக்கத் தெரிஞ்ச மனுஷனாயிருக்கே" என்று வாய் நிறையச் சொல்கிறார். திண்டுக்கல்லில் இப்போது சாகிறவர்கள் எல்லோரும் நேரான தோளோடு, டை கட்டிக்கொண்டு, யாரென்றே தெரியாமல் போகிறார்கள். நானும் வழக்கம்போல் எழுதிக்கொடுக்கிறேன்.

கல்யாணத்தன்று மண்டப வாசலுக்கு நான் ஏழு மணிக்கே போய்விட்டேன். மைக்செட் காதைப் பிளந்தது. பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் நீட்டினார்கள். வாசலில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகப் பத்துப் பதினைந்து பேர் கைகூப்பி நின்றார்கள். என் கண் மஞ்சளையோ பச்சையையோ தேடியது. ஒன்பது வருஷமாகத் தூரத்திலேயே சட்டையைப் பார்த்துக் கையைத் தூக்கிப் பழகியவன் நான். முகத்தைப் பார்த்து அவரை அடையாளம் கண்டுகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை. முன்னால் நின்று கும்பிட்டவரிடம், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"பொண்ணோட அப்பா எங்கங்க இருக்காரு?"

அவர் கூப்பின கையை இறக்கவில்லை.

"உள்ளாற தேடிப் பாரும் கவிஞரே. கெடைச்சா எனக்கும் சொல்லும்."

திரும்பினேன். தலைக்குக் கறுப்பு மை போட்டிருந்தார். மீசையை ஒதுக்கியிருந்தார். முகம் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. ஊரிலுள்ள பொய்யர்களுக்கெல்லாம் வார்த்தை கொட்டிக் கொடுத்தவனுக்கு, அந்த மனுஷருக்கென்று ஒரு வார்த்தை இல்லை. பின்னால் வந்த கூட்டம் என்னை உள்ளே தள்ளியது. "உள்ள போயி முதல் பந்தியில உக்காரும் கவிஞரே. பொங்கல் ஆறிரும்" என்றார்.

பெண்ணைப் பெற்றவர் கடைசிப் பந்தியில்தான் உட்கார முடியும். எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியை விட்டுக்கொடுத்தறியாத நான், அன்றைக்கு வாசலுக்கே திரும்பி வந்து, வருகிறவர்களுக்கெல்லாம் அவரோடு சேர்ந்து கைகூப்பிக்கொண்டு, கடைசிப் பந்தி வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.