அரை செகண்டு சுதந்திரம்

நம் ஊர்களில் டிக்டிக்காளர் என்றோர் இனம் உண்டு. பாட்டைக் கேட்பதற்கு முன்னால் அதன் வேகத்தை அளந்துவிடுகிற இனம். பார்த்ததில்லையா? தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் கீபோர்டு வகுப்பு நடத்தும் நவநீதன் மாஸ்டரைப் போய்ப் பாருங்கள். செல்போனில் 'டிக் டிக்' என்று தாளம் தட்டும் செயலியை ஓடவிட்டு, அதற்குத் தலையாட்டி, அதற்குக் கால் தட்டி, அதன் கணக்கிலேயே டீயையும் உறிஞ்சுவார். மேற்கத்திய இசைத்தாளில் வேகத்தைச் சொல்லும் இத்தாலிய வார்த்தைகள் அவருக்குச் சட்டப்பிரிவுகள்.

"ஆண்டான்டேன்னா நடக்கற வேகம்ங்க. நிமிசத்துக்கு எழுவத்தாறு டிக்கு."

"யாரு நடக்கறதுங்க சார்? நானா, எங்க மாமியாரா?"

கேட்டவர் வஹிதா. துணிக்கடை நடத்துகிறவர், முப்பத்தெட்டு வயதில் கீபோர்டு கற்க வந்து, சேலத்தில் கிரேடு பரீட்சைக்கு வாசித்துக்காட்டத் துணிந்தவர். மாஸ்டர் சிரிக்கவில்லை. எழுபத்தாறு டிக்கில் சிரிப்புக்கு ஏது இடம்?

அடுத்து வந்தது ரூபாட்டோ. வாசிப்பவர் மனம்போலக் கொஞ்சம் தயங்கலாம், கொஞ்சம் ஓடலாம் என்ற அனுமதி. டிக்டிக்காளர் கையில் சுதந்திரம் கிடைத்தால் என்ன செய்வார்? அளப்பார். "இந்த எடத்துல அர செகண்டு சுதந்திரம். மீறுனா மார்க் போயிரும்" என்று சிவப்பு மையில் குறித்துக் கொடுத்தார்.

பரீட்சை நாளில் வஹிதா முதல் பாடத்தைக் குறித்தபடியே வாசித்தார். தேர்வாளர் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "தப்பே இல்லம்மா. ஆனா மிஷின் வாசிச்ச மாதிரி இருக்கு. அடுத்ததையாவது உங்களுக்குத் தோணுறபடி வாசிங்க."

வஹிதா அடுத்த பாடத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கணவர் முதசிரை மொரப்பூரில் பெங்களூர் ரயில் ஏற்றிவிட்டு, கடைசிப் பெட்டி மறையும்வரை பிளாட்பாரத்தில் நிற்பது நினைவுக்கு வந்தது. சிவப்பு மை இருந்த இடம் வந்ததும் விரல்கள் அப்படியே நின்றன.

கதவுக்கு வெளியே மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "போச்சு! மறந்துட்டாங்க!"

மறக்கவில்லை. சுரம் மெதுவாகத் திரும்பி வந்தது. ரிசல்ட்டில் முதல் வகுப்பு. 'ரூபாட்டோ அருமை' என்று தனிக் குறிப்பு வேறு.

மாஸ்டர் ஓடிவந்தார். "அங்க எத்தன செகண்டு நின்னீங்க? சொல்லுங்க, எல்லாருக்கும் குறிச்சுக் குடுத்தர்றேன்."

"எண்ணலீங்க சார். ரயிலு மறையற வரைக்கும் நின்னேன்."

மாஸ்டர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். "எந்த ரயிலு? எக்ஸ்பிரஸா, பாசஞ்சருங்களா?"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள்: இன்று காலை உங்கள் அம்மா நிறுத்தி நிதானமாகப் பேசி வாட்ஸப்பில் அனுப்பிய குரலை, இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டது யார்?