ஒரே இன்ஜின், ஒரே பெட்டி, நடுவில் தேசிங்கு மாமா

எங்கள் இரண்டு ஊர் மானத்தையும் கயிற்றில் கட்டி எதிரி கையில் கொடுத்தவர் என் அக்கா புருஷன் தேசிங்கு மாமாதான். உறவு என்பதற்காக மழுப்பிப் பேச எனக்குத் தெரியாது. முட்டாள்தனத்தில் பாதி என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். யோசனை முழுக்க அவருடையது.

2009ஆம் வருடம். நான் கடலூர் பக்கத்துக் குப்பத்தில் ஃபைபர் படகு ஓட்டினேன். மாமா சிதம்பரம் பக்கத்துக் குப்பத்தில் ஓட்டினார். சுனாமிக்குப் பிறகு வந்த உதவியில் இரண்டு ஊருக்கும் ஒரே மாதிரி இன்ஜின் கிடைத்திருந்தது. பெரிய விசைப்படகுகள் கரையோரம் வந்து எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போவதால், இரண்டு ஊரும் கூட்டுச் சேர்ந்து முறை வைத்து ரோந்து போனோம். (ரோந்து என்றால், தூரத்தில் நின்று கெட்ட வார்த்தை சொல்வது.)

ஒருநாள் மாமா பேப்பரோடு வந்தார். அமெரிக்காக்காரன் கடலைக் காவல் காக்கச் செய்துகொண்டிருக்கிற அதே ரோந்து விமானத்தை நம் கடற்படையும் வாங்கப் போகிறது என்று செய்தி.

"இதுல என்னா விசேஷம் தெரியுதா மச்சான்?" என்றார். "ரெண்டு பேருகிட்டயும் ஒரே விமானம்னா, ரெண்டு பேருக்கும் ஒரே சாமான். நம்மகிட்ட இல்லன்னா அவன் குடுப்பான், அவன்கிட்ட இல்லன்னா நாம குடுப்போம். நமக்கும் ஒரே இன்ஜின்தான? எதுக்கு ஆளாளுக்கு சாமான் வாங்கி வச்சிக்கிணு கெடக்கறோம்?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்றைக்கே ஊர் ஊராகப் போய், வீடு வீடாக இருந்த பிளக்கு, கயிறு, புரொப்பல்லர் பின் எல்லாவற்றையும் பிடுங்கி ஒரே தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினோம். தனியாக ஒருவரும் சாமான் வைத்துக்கொள்ளக் கூடாது. பெட்டி ஒரு மாதம் அவர்கள் ஊரில், ஒரு மாதம் எங்கள் ஊரில். இரண்டு ஊரும் கைதட்டியது.

மாதம் என்றைக்குத் தொடங்குகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மாமா ஊருக்கு அமாவாசைதான் கணக்கு. அன்றைக்குத்தான் ஊர்க்கூட்டம், கொடுக்கல் வாங்கல் எல்லாம். எங்கள் ஊரில் மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்துதான் கூட்டம். அந்த மாதம் அமாவாசையன்றே மாமா பெட்டியைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போன் செய்தார். எங்கள் முதல் ஞாயிறுக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது. பஸ் நிலையத்தில் கண்டக்டரிடம், "எங்க மாசம் இன்னும் பொறக்கல, திருப்பிக் கொண்டு போங்கண்ணே" என்றேன். பெட்டி சிதம்பரம் போனது. மாமா அங்கே, "எங்க மாசம் முடிஞ்சிபோச்சி, ஊருக்குள்ள சேக்க மாட்டேன்" என்று திருப்பி அனுப்பினார். நான் மறுபடி அனுப்பினேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. ஊர் சட்டத்தைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

பெட்டி பஸ்ஸில் இருந்தபோதுதான் மீன்துறை அதிகாரி வந்தார். ஒரு வருடமாக மனுப் போட்டுக் கூப்பிட்டவர். "படகு நம்பரை நானே என் கண்ணால பாத்தா போதும். அது இந்தப் பக்கமே வராத மாதிரி எழுதிடறேன்" என்றார். அன்றைக்கு ரோந்து முறை என் படகும் மாமா படகும். விடிந்ததும் கிளம்பினோம். அதிகாரி என் படகில்.

ஒரு மணி நேரத்தில் ஒரு விசைப்படகு கண்ணில் பட்டது. கரைக்கு இவ்வளவு கிட்டே வரக் கூடாத படகு. நம்பர் தெரியவில்லை. விரட்டினேன். அதிகாரி பேனாவைத் திறந்தார். அதற்குள் யாரோ விட்டிருந்த வலைக் கயிறு புரொப்பல்லரில் சுற்றி, அதைப் பிடித்திருக்கும் பின் ஒடிந்து, படகு நின்றுவிட்டது. விரல் நீளப் பித்தளைத் துண்டு அது. அது இல்லாவிட்டால் இன்ஜின் கத்தும், படகு நகராது.

"ஸ்பேர் எடுய்யா" என்றார் அதிகாரி.

"பெட்டியில இருக்குது சார்."

"பெட்டி எங்க?"

கண்டக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். பஸ் அன்றைக்கு ரூட் மாறிக் குறிஞ்சிப்பாடி போயிருந்தது.

மாமா படகை ஒட்டிக் கொண்டுவந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா மச்சான், இதுக்குத்தான் ஒரே இன்ஜின். என்னுத கழட்டித் தரேன், நீ சார இட்டுக்கிணு போய் அவன புடி."

கழற்றினார். அலையில் இரண்டு படகும் ஏறி இறங்கின. கையை நீட்டினார். நானும் நீட்டினேன்.

"புடிச்சிட்டியா?"

"வுடுங்க."

"புடிச்சிட்டியாடா?"

"வுடுங்க மாமா."

அந்தப் பித்தளைப் பின் கடலில் விழுந்தது.

இப்போது இரண்டு படகும் ஓடாது. துடுப்புப் போட்டால் கரை சேரச் சாயங்காலம் ஆகும். அதிகாரி ஏற்கெனவே இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். அப்போதுதான் அந்த விசைப்படகு திரும்பி எங்களை நோக்கி வந்தது.

"என்னாண்ணே, நின்னுபோச்சா? கயிறு வேணுமா?"

நானும் மாமாவும் துடுப்பை எடுத்தோம். அதிகாரிதான், "போடுய்யா, சீக்கிரம் போடு" என்றார். எங்கள் இரண்டு படகையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டி, அதிகாரியைத் தங்கள் படகில் ஏற்றி டீ கொடுத்து, துறைமுகம் வரை இழுத்து வந்தார்கள். அதிகாரி வந்த சேதி கேட்டுக் கூடியிருந்த இரண்டு ஊரும் கரையில் நின்று பார்த்தது.

இறங்கியதும், "சார், நம்பர் பாத்தீங்கல்ல, எழுதுங்க" என்றேன்.

"என்னத்தய்யா எழுதறது? ஏன்டா உள்ள வந்தன்னு கேட்டா, உங்கள இழுக்க வந்தேன்னு சொல்லுவான். நான் இல்லன்னு சொல்ல முடியுமா? அவன் படகுலதான டீ குடிச்சேன்?"

பேனாவை மூடிவிட்டார். அடுத்த வாரமே அதே படகு என் வலையை அறுத்தது. கூட்டணி அமாவாசைக்கும் இல்லாமல் ஞாயிறுக்கும் இல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை கலைந்தது.

இன்றைக்கும் அக்கா வீட்டில் காப்பித் தம்ளர் கைமாறினால், குழந்தையைக் கைமாற்றினால், அக்கா பிள்ளைகள் என்னைப் பார்த்து ராகம் போட்டுக் கேட்கும், "புடிச்சிட்டியா மாமா?" போன மாதம் என் மகள் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது சம்பந்தி வீட்டாரே கேட்டார்கள். அதுவரைக்கும் கதை போயிருக்கிறது. போகிற இடமெல்லாம் மாமா சொல்லும் கதையில் பின்னைத் தவறவிட்டவன் நான்.

நான் பொறுத்தது போதும். தேசிங்கு மாமா, வருகிற அமாவாசைக்கு உங்கள் ஊர்க்கூட்டத்துக்கு நானே வருகிறேன். மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னால் சொல்லுங்கள். நான் "வுடுங்க" என்ற முதல் தடவை விடாமல், "புடிச்சிட்டேன்" என்று நான் சொல்வதற்குள் கையை விட்டது யார்?