நான் வலைப்பூ தொடங்கிக் காலமான விதம்

அஜின்கோர்ட், ஸ்காபரோ
12.05.2025

அன்புத் தங்கை அருள்மலருக்கு,

நான் நலம். நீயும் மச்சானும் பிள்ளைகளும் நோர்வேக் குளிரில் நலமாயிருக்கத் தேவதாயை மன்றாடுகிறேன். ஐம்பது வருடமாகக் கடிதங்களின் தலையில் "நான் நலம்" என்று எழுதி வருகிறேன். ஒருநாளும் யோசித்து எழுதியதில்லை. இன்றைக்கு யோசித்து எழுதுகிறேன். என் நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. காலையில் மூன்று துண்டு பாணும் சம்பலும் சாப்பிட்டேன். இந்தப் பந்தியை மட்டும் மச்சானுக்கு உரத்து வாசித்துக் காட்டு.

வெள்ளிக்கிழமை நீ தொலைபேசியில் அழுத அழுகை இன்னும் காதில் நிற்கிறது. "அண்ணி, அண்ணா கடைசியா என்ன சொன்னவர்?" என்று கேட்டாய். எடுத்தவன் நானாகையால், "நான்தான் பிள்ளை, இன்னும் கடைசியா ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். அதற்குப் பிறகு நீ ஏசிய ஏச்சை எழுதப் போவதில்லை. "எப்பிடி நடந்ததெண்டு வடிவா எழுதி அனுப்புங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாய். எழுதுகிறேன். அதுவும் தபாலில் எழுதுகிறேன். தபாலில் போட்டால் ஒரு பிரதி ஒரு வீட்டுக்குத்தான் போகும். அதன் அருமை எனக்கு இந்த ஒரு கிழமைக்குள்தான் விளங்கியது.

முதற் குற்றவாளி நீதான். இராசரத்தினம் மாஸ்ரர் என்னோடு பேசாமல் விட்டு எட்டு மாதம். உனக்குத் தெரியும், அவர் இரசாயனம், நான் கணிதம். ஒரே பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடம் படிப்பித்தோம், இங்கே வந்து பதினொரு வருடம் நூலகத்துப் பக்கத்து மண்டபத்தில் முன்னூற்றுநாலு என்ற சீட்டு விளையாட்டில் எதிரெதிரே இருந்து ஒரே கட்சியாக விளையாடினோம். போன செப்டெம்பர் போட்டியில், கடைசி ஆட்டத்தில், நான் ஓர் ஒன்பதைப் போட்டேன், இருபது புள்ளிச் சீட்டு. அது எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது. ஆட்டமும் போய்விட்டது. நாற்பது பேருக்கு முன்னால் அவர், "சீமோன், நீர் பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிச்சீரோ, இல்லாட்டி அதுகள் தானாப் படிச்சதுகளோ?" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "உம்மட லாபில புகையைத் தவிர வேற என்ன வந்தது?" என்று கேட்டுவிட்டேன். மண்டபமே சிரித்தது. அவர் காட்ஸை அடுக்கி வைத்துவிட்டு எழும்பிப் போனார். அடுத்த மாதம் எட்மன்ரனில் மகனுடைய வீட்டுக்கே போய்விட்டார். என் நம்பரைக் கண்டால் தொலைபேசியை எடுப்பதில்லை. எனக்கு எழுபத்தாறு, அவருக்கு எழுபத்தெட்டு. இந்தக் கணக்கில் எவ்வளவு காலம் மிச்சமிருக்கிறது என்று எனக்குச் செய்து பார்க்க விருப்பமில்லை.

அப்போதுதான் நீ சொன்னாய்: "அண்ணா, மாஸ்ரர் இணையத்தில மிளகாய்க் கண்டு வளர்க்கிறது பற்றி எழுதுறார். நீங்களும் அங்கை ஒரு வலைப்பூ தொடங்குங்கோ. அவர் வாசிப்பார். அங்கை முதலாளியும் இல்லை, விளம்பரமும் இல்லை, எல்லாம் பரவலாக்கப்பட்டது." பரவலாக்கப்பட்டது என்றால் என்னவென்று விளங்க இரண்டு நாள் எடுத்தது. எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன், பிழையென்றால் திருத்து. மற்ற இணையத்தளங்கள் ஒரே அதிபரின் கீழ் இருக்கிற பெரிய பள்ளிக்கூடம் போல. இது ஊரெல்லாம் இருக்கிற ரியூசன் கொட்டில்கள் போல. ஒவ்வொரு கொட்டிலுக்கும் ஒரு மாஸ்ரர், ஒரு சட்டம். ஆனால் ஒரு கொட்டில் பிள்ளை எழுதிய நோட்ஸை மற்றக் கொட்டில் பிள்ளைகளும் வாங்கிக் கொப்பியில் எழுதிக்கொள்ளலாம். இந்தக் கொட்டில்களுக்குச் சேவர் என்று பெயர். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். கொப்பியில் எழுதிக்கொள்ளலாம் என்ற இடத்தை மட்டும் அடிக்கோடிட்டு வை. பரீட்சையில் அதுதான் வரும்.

முதலில் கணிதம் படித்தவர்களின் சேவர் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். எந்தத் துறை என்று கேட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு என்று எழுதினேன். பதில் இல்லை. பிறகு உடனே சேர்த்துக்கொள்ளும் சேவர் எது என்று தேடியதில், பாசி பிடித்த கல்லையும் கூரையையும் படமெடுக்கிற ஆட்களின் சேவர் ஒன்று கிடைத்தது. எனக்குப் பாசியில் ஆர்வமா என்று கேட்டார்கள். கிணற்றடியில் இரண்டு முறை வழுக்கி விழுந்திருக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் வேலை, தன்னைப் பற்றி ஓர் அறிமுகம் எழுத வேண்டும். அதுதான் அங்கே வழக்கமாம். அருள்மலர், நீயே சொல்லு, நம்மவர்கள் ஒரு மனிதனை முழுதாக அறிமுகப்படுத்தி எழுதுவதை நீ எங்கே வாசித்திருக்கிறாய்? கல்யாண அழைப்பிதழில் ஒன்றரை வரி. பரிசளிப்பு விழாவில் பெயரும் பட்டமும். பிறந்த ஊர், இருந்த ஊர், பெற்றார், பெண்சாதி, பிள்ளைகள், சகோதரம் எல்லாம் ஒழுங்காக வருகிற ஒரே வடிவம்தான் உண்டு. நான் தினமும் காலையில் தேநீரோடு வாசிக்கிற வடிவம். அந்த ஒழுங்கிலேயே எழுதினேன்:

"யாழ். நாரந்தனையைப் பிறப்பிடமாகவும், கனடா அஜின்கோர்ட்டை வதிவிடமாகவும் கொண்ட, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் மரியாம்பிள்ளை சீமோன். அன்னார் வேரோனிக்காவின் அன்புக் கணவரும், ஜஸ்ரினின் பாசமிகு தந்தையும், அருள்மலர் (நோர்வே) அவர்களின் அருமைச் சகோதரரும் ஆவார்."

மரண அறிவித்தலில் வருகிற இறைவனடி சேர்ந்தார் என்ற வரியை நான் போடவில்லை. சேரவில்லை என்பதால் போடவில்லை. அது போதும் என்று நினைத்தேன். படமொன்றும் கேட்டது. பிரியாவிடை வைபவத்தில் மாலையோடு எடுத்த படம்தான் வீட்டில் இருப்பவற்றுள் தெளிவானது. கீழே நாலு பெட்டி வெறுமையாகக் கிடந்தது. வெற்றிடம் விட்டால் புள்ளி குறையும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். "தொடர்புகளுக்கு" என்று எழுதி வேரோனிக்காவின் நம்பரைப் போட்டேன்.

அதை முதலில் கண்டவள் மொன்றியலில் இருக்கும் றஜிதா, என் பழைய மாணவி. கெட்டிக்காரி, ஆனால் கேள்வியை முழுதாக வாசிக்காமல் விடை எழுதுகிற பிள்ளை. அது மாறவில்லை. "எங்கள் கணக்கு ஆசிரியர் சீமோன் சேர் போய்விட்டார்" என்று எழுதிப் பகிர்ந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் இலண்டன், பாரிஸ், மெல்பேர்ண். நான் உடனே என் பதிவை அழித்தேன். என் பக்கத்தில் அழிந்தது. மற்றச் சேவர்கள் சிலவற்றில் அப்படியே இருந்தது. என் கரும்பலகையை நான் அழிக்கலாம்; பிள்ளைகளின் கொப்பிகளை எப்படி அழிப்பது? சரி, மறுப்பு எழுதுவோம் என்று "நான் சாகவில்லை" என்று எழுதினேன். யார் வாசிக்கலாம் என்று கேட்டது. என் சாவு உலகத்துக்கே தெரியத் தேவையில்லை என்ற அடக்கத்தில், "என்னைப் பின்தொடர்பவர்கள் மட்டும்" என்பதைத் தெரிவுசெய்தேன். என்னைப் பின்தொடர்பவர்கள் பூச்சியம் பேர். நான் செத்த செய்தி மூன்று கண்டத்தில் ஓடுகிறது, உயிரோடிருக்கிற செய்தியை வாசிக்க ஓர் ஆள் இல்லை.

புதன்கிழமை எங்கள் கட்டடத்துப் பதினாலாம் மாடி நதீஷா கதவைத் தட்டினாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று இடியப்பமும் சொதியும் கொண்டுவந்திருந்தாள். கதவைத் திறந்தவன் நான்.

"அங்கிள்... நீங்களோ?"

"ஓம் பிள்ளை, நான்தான்."

"அப்ப இது ஆருக்கு?"

"கொண்டந்தனீர், வையும். சாப்பிடுறம்."

அவள் கொண்டுவந்ததைக் கண்டு மூன்றாம் மாடி, ஒன்பதாம் மாடி என்று சாப்பாடு வரத் தொடங்கிவிட்டது. வேரோனிக்கா சமைத்து ஐந்து நாள். "இஞ்சேருங்கோ, உயிரோட இருந்து ஒருநாளும் எனக்கு இப்பிடி ஓய்வு தந்ததில்லை" என்கிறாள். பாசிக்காரர்களும் விடவில்லை. பின்லாந்திலிருந்து ஒரு பெண்மணி ஒரு கல்லறைப் பாசியின் படத்தை அனுப்பி, இது உங்கள் சீமோனுக்கு என்று எழுதியிருக்கிறாள். நல்ல பச்சை.

வியாழக்கிழமை மறுப்பை எல்லோருக்கும் தெரியும்படி மாற்றினேன். அது அதைவிட மோசமாகப் போய்விட்டது. செத்த மனிதனின் கணக்கில் யாரோ திருடன் புகுந்து எழுதுகிறான் என்று றஜிதாவே முறைப்பாடு செய்துவிட்டாள். சேவரின் பொறுப்பாளர் தங்கமான மனிதர். என் ஞாபகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கணக்கைப் பூட்டி, "நினைவாக" என்று பட்டையும் கட்டிவிட்டார். நான் உயிரோடிருக்கிறேன் என்று மின்னஞ்சல் போட்டேன். ஆதாரம் கேட்டார். ஓய்வூதியத்துக்காக வருடாவருடம் கொழும்புக்கு அனுப்புகிற உயிர்வாழ் சான்றிதழ் என்னிடம் இருக்கிறதல்லவா, அதன் பிரதியை அனுப்பினேன். மிகவும் பணிவாகப் பதில் வந்தது: இது போன வருடம் அவர் உயிரோடிருந்ததை நிரூபிக்கிறது, அதில் எங்களுக்கும் சந்தேகமில்லை. தர்க்கத்தில் பிழை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் முழுப்புள்ளி போட்டிருப்பேன்.

இதெல்லாம் பரவாயில்லை. சனிக்கிழமை எட்மன்ரனிலிருந்து அழைப்பு வந்தது. வேரோனிக்காவின் நம்பருக்கு. நம்பரைக் கண்ட பதற்றத்தில் அவள் வாயில் இடியப்பத்தோடு எடுத்துவிட்டாள். நான் குசினியில் நின்று, சொதி இன்னும் மிச்சமிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன், அழைத்தது ஆர் என்று எனக்குத் தெரியாது. "அக்கா, மனதைத் தளர விடாதேங்கோ" என்றாராம் மாஸ்ரர். இவளுக்கு விழுங்கவும் ஏலாது, பேசவும் ஏலாது. அதற்குள் அவர் வைத்துவிட்டாராம்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்து பார்த்தால், மிளகாய்க் கண்டுப் பக்கத்தில் மாஸ்ரர் எனக்கு அஞ்சலி எழுதியிருக்கிறார். அருள்மலர், எட்டு மாதமாக ஒரு சொல்லுக்குக் காத்திருந்தேன், ஒரே நாளில் எழுநூறு சொல். "பதினொரு வருடம் எனக்கு எதிரே இருந்தவரின் கதிரை வெறுமையாகிவிட்டது. அந்தக் கடைசி ஆட்டத்தில் அவர் போட்ட ஒன்பது சரி. நான் கவிழ்த்து வைத்த துரும்புச் சீட்டுதான் பிழை. சிரித்தவர்களுக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. உயிரோடிருக்கும்போது சொல்லியிருக்கலாம்." இப்படி எழுதியிருக்கிறார். நான் வாசித்து அழுதேன். என் சாவுக்கு நானே அழுத கோலத்தை வேரோனிக்கா கண்டு, கடுதாசிக் கைக்குட்டை கொண்டுவந்து தந்தாள்.

இப்போது நான் என்ன செய்ய? நான் இருக்கிறேன் என்று தெரிந்தால், பொய்ச் சாவு காட்டித் தன் வாயால் பிழையை ஒப்புக்கொள்ள வைத்தேன் என்றுதான் அந்த மனிதர் நினைப்பார். புகை பற்றிச் சொன்னதை மன்னித்தாலும் இதை மன்னிக்க மாட்டார். தெரியாமல் விட்டால், நான் உண்மையாகச் சாகிற அன்றைக்கு ஓர் ஆளும் நம்பாது. உயிரோடிருக்கிற சீமோனோடு அவருக்குக் கதையில்லை, செத்த சீமோனோடு எழுநூறு சொல். இந்தச் சமன்பாட்டுக்கு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் விடை வரவில்லை. நாற்பது வருடம் "விடை வராத கணக்கு இல்லை, பொறுமையாகச் செய்" என்று சொன்னவன் நான். அந்தப் பிள்ளைகள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். வலைப்பூவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இனி ஒரு வரியும் எழுதமாட்டேன். நீயும் மாஸ்ரரிடம் ஒன்றும் சொல்லாதே. நான் இப்படியே இருந்துவிடுகிறேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். பெரியவனைக் கேள்வியை முழுதாக வாசிக்கச் சொல்லு. மச்சானுக்கு என் அன்பு. தேவதாய் உங்கள் வீட்டுக் கதவடியில் நிற்பாளாக; என் பேரில் வரும் செய்திகளை அவள் முதலில் வாசித்து உள்ளே விடுவாளாக.

இப்படிக்கு,
இன்னும் உன் அண்ணன்,
சீமோன்

பி.கு.: உறை ஒட்டப் போன நேரம் தொலைபேசி அடித்தது. என் நம்பருக்கே. மாஸ்ரர்.

"சீமோன், சொதி முடிஞ்சுதோ?" என்றார்.

அவரே தொடர்ந்தார்: "அண்டைக்கு அக்கா எடுக்கேக்க பின்னால நீர் சொதி கேட்டது எட்மன்ரன் வரைக்கும் கேட்டது. அதோட உம்மட அறிவித்தலைத் திரும்ப வாசிச்சன், செத்த திகதி இல்லை. திகதி இல்லாமல் நான் ஒரு பரிசோதனையையும் ஏற்கிறதில்லை."

"அப்ப தெரிஞ்சுகொண்டோ எனக்கு அஞ்சலி எழுதினீர்?"

"உயிரோட இருக்கிற ஆளிட்டை மன்னிப்புக் கேக்க எனக்கு வராது ஐசே. செத்த ஆளெண்டா லேசு."

ஒன்றேமுக்கால் மணித்தியாலம் பேசினோம். ஆகவே மேலே எழுதியதெல்லாவற்றையும் மறந்துவிடு. வலைப்பூவும் தொடர்கிறேன், அவரே றஜிதாவுக்கும் பொறுப்பாளருக்கும் சாட்சிக் கடிதம் எழுதித் தருகிறாராம். ஆனால் வெள்ளிக்கிழமை வரை நான் செத்தே இருக்க வேண்டுமாம். மிளகாய்க் கண்டை ஆறு பேர், என் அஞ்சலியை இருநூறு பேர் வாசிக்கிறார்களாம். இன்னும் இரண்டு பகுதி எழுதி வைத்திருக்கிறாராம்.

வைக்கும்போது சொன்னார்: "மற்றது, அந்த ஒன்பது. அஞ்சலியில மரியாதைக்காகச் சரியெண்டு எழுதினனான். நீர் உயிரோட இருக்கிறபடியால் சொல்லுறன், அது பிழைதான்."

நாளைக்குப் பத்து மணிக்குத் திரும்ப அழைக்கிறாராம், ஏன் பிழையென்று விளக்க.