கைராசிக் கயிறு

பச்சைத் தேயிலை விலை விழுந்து, ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் மூடிக் கிடந்த காலம். தேவர்சோலைப் பக்கம் விலை ஏறிய சரக்கு ஒன்றே ஒன்றுதான்: நவநீத சுவாமிகளின் சிவப்புக் கயிறு. செவ்வாய்க்கிழமை ஆனால் எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில் சம்பள நாளைவிட நீளமான வரிசை. முந்தின வருஷம்வரை சுவாமிகள் லாட்டரிச் சீட்டு விற்றவர். லாட்டரிக்குத் தடை வந்ததும் அதிர்ஷ்டத்தைக் கயிற்றில் முடிந்து விற்க ஆரம்பித்தார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கென்ன வேலை? வார்டில் யாருக்கும் புண் ஆறவில்லை. சிக்கனம் என்று மானேஜர் முதலில் நிறுத்தியது சோப்பை. அதை யாரும் கவனிக்கவில்லை. இங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கைராசி போய்விட்டது என்று சுவாமிகள் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்தார். நோயாளிகளுக்கு மட்டுமல்ல, நர்சு, ஆயா, புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் எல்லோருக்கும் வலது மணிக்கட்டில் கயிறு. ஒரு மண்டலம் தண்ணீர் படக்கூடாது. பட்டால் ராசி வழிந்து ஓடிவிடுமாம். சோப்பே கேட்காத பரிகாரம் என்றதும் மானேஜருக்குப் பக்தி பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் டிரஸ்ஸர் டக்ளஸும் கட்டிக்கொண்டார். ராசிக்கு மதம் ஏது?

மூன்றாவது வாரம் சிவப்புக் கயிறு கறுப்பானது. ரத்தமும் சீழும் அதில் ஊறின. அந்தக் கை கட்டில் கட்டிலாகப் போய் வந்தது.

மரகதம், தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியில் வலது கட்டைவிரலை வெட்டிக்கொண்டு வந்தவள். கொழுந்து பறிக்கிறவளுக்குக் கட்டைவிரல் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. வந்தபோது சின்ன வெட்டு. இப்போது விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி நாறியது. வாரம் ஒருமுறை வரும் டாக்டர், அடுத்த வியாழனுக்குள் வீக்கம் வற்றாவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் டக்ளஸின் கயிற்றைப் பார்க்கவில்லையா? பார்த்தார். அவர் கையிலும் ஒன்று இருந்தது. சுவாமிகளோ போன ஜென்மத்துப் பாவம் என்று சொல்லி மரகதத்துக்கு இரண்டாவது கயிறு கட்டினார்.

கோவையிலிருந்து புதிதாக வந்த நர்சு ராஜப்ரியா மட்டும் கயிறு கட்டவில்லை. தானே சோப்பு வாங்கி முழங்கைவரை கழுவினாள். ராசியில்லாத கை தொடக்கூடாது என்று வார்டே முகத்தைத் திருப்பிக்கொண்டது. கழுவாத கையில் கிருமி இருக்கிறது என்றாள். கண்ணுக்குத் தெரியாததை எப்படி நம்புவது என்று கேட்டார்கள். கைராசியை மட்டும் நேரில் பார்த்துக் குசலம் விசாரித்தவர்கள் போல.

அடுத்த செவ்வாய், பூஜை முடிந்து தயிர்சாதம் வந்தது. மரகதத்துக்குக் கட்டு மாற்றிவிட்டு நேராக வந்த டக்ளஸிடம், சுவாமிகளுக்கு அந்தக் கையாலேயே பிசைந்து தரச் சொன்னாள் ராஜப்ரியா. டக்ளஸ் பூரித்துப்போய்ப் பிசைந்து உருட்டி நீட்டினார்.

"ராசிக்கைச் சோறுங்க சாமி. ஒரு வாய் சாப்பிடுங்க," என்றாள் அவள்.

சுவாமிகளின் கண் அந்தக் கறுத்த கயிற்றிலேயே நின்றது. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"கையைக் கழுவுனியா?"

மரகதம் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் வந்தாள்.

"ஏனுங்க சாமி, உங்க சோத்துக்குக் கழுவோணும். எம்பட புண்ணுக்குக் கழுவ வேண்டாமுங்களா?"

இன்று தனக்கு விரதம் என்றார் சுவாமிகள். காலையில் அவருக்கு இட்லி பரிமாறியவர்களே எதிரில் நின்றார்கள். சுவாமிகள் அடுத்த ஜீப்பில் மலையிறங்கிப் போனார்.

மரகதம் இரண்டு கயிற்றையும் அறுத்தெறிந்துவிட்டு ராஜப்ரியாவிடம் கையை நீட்டினாள். வியாழக்கிழமை விரலில் ஒரு கணு போயிற்று, மீதி பிழைத்தது. அந்த ஒரு கணுவை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. கொழுந்துக் கூடையைத் தொடமாட்டோம் என்று பெண்கள் உட்கார்ந்த பிறகுதான் மானேஜருக்குச் சோப்பு ஞாபகம் வந்தது.

சுவாமிகள் ஒருநாள் உங்கள் ஊருக்கும் வருவார். வேறு கயிறு, வேறு ராசி. தன் சோற்றுக்கு ஒரு கை, உங்கள் புண்ணுக்கு ஒரு கை என்று வைத்திருப்பவரிடம் மணிக்கட்டை நீட்டுமுன் கொஞ்சம் யோசியுங்கள். முதலில் கையைக் கழுவுங்கள். அப்புறம் அவரைக் கைகழுவுங்கள்.