கேஜ் அண்ணன் ஓட்டுக் கேட்ட விதம்

ஒரகடம் வட்டாரத்தில் எந்தக் கட்சியும் தன் பக்கம் இழுக்க விரும்பாத ஒரே மனிதர் எங்கள் கேஜ் அண்ணன்தான். இழுத்த கட்சிகள் எல்லாம் மறுவாரமே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயின.

வல்லம் வடகாலில் எங்கள் கம்பெனியில் அவருக்குத் தரப் பரிசோதனை வேலை. கேஜ் என்பது அளவு பார்க்கும் கருவி. பாகம் அதற்குள் நுழைந்தால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். எந்த மிஷினில் யார் செய்த பாகம் என்றெல்லாம் அது கேட்காது. இந்த வழக்கத்தை அண்ணன் கம்பெனி பஸ்ஸுக்குள்ளும் கொண்டுவந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். விவாதம் என்றால் யார் சத்தம் பெரிது என்று பார்ப்பது என்றே நினைத்திருந்தேன். முதல் ஷிப்ட் பஸ்ஸும் அப்படித்தான் நினைத்தது.

ஒருநாள் அசெம்பிளி லைன் குமார் ஆரம்பித்தான்: “சர்ச் ஸ்பீக்கரு காலங்காத்தால காத கிழிக்குது. கவர்மெண்டு இன்னா பண்ணிகினு கீது?”

“கரெக்டுபா. இப்ப சர்ச்ச எடுத்துட்டு, உங்க ஆடி மாசக் கூழு ஸ்பீக்கர அந்த எடத்துல வெச்சி அதயே சொல்லு” என்றார் அண்ணன்.

“அது வேறணா!”

“எப்டி வேற? சொல்லு, ஒத்துக்கறேன்.”

குமார் ஜன்னல் வழியாக ஊரையே அளந்தான். பின் சீட்டில் வெல்டிங் ஆரோக்கியம் விழுந்து விழுந்து சிரித்தான்.

“நீ இன்னாடா சிரிக்கிற? மாதா தேரு ரோட்ட மறிச்சப்ப ‘ஒரு நாளுதானே’ன்ன. புள்ளையார் ஊர்வலத்துக்கு மட்டும் ‘ஆம்புலன்ஸ் எப்டிப் போவும்’னு கேட்ட. ரெண்டும் ரிஜெக்ட்!” என்றார் அண்ணன்.

அன்று ஒரகடம் கூட்டுரோடு வரை பஸ்ஸில் இன்ஜின் சத்தம் மட்டும்தான். “இவரு டெய்லி வந்தா நல்லாருக்கும்பா” என்றார் டிரைவர்.

அண்ணனுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது; அப்போது ஒரு பகுத்தறிவுக் கட்சியில் இருந்தார். அரசாங்கக் காரில் கோயிலுக்குப் போன மந்திரியை ஒருநாள் காய்ச்சி எடுத்தார். “உங்க தலைவரு பதவில இருந்தப்ப கவர்மெண்டு கார்ல நோன்புக் கஞ்சி குடிக்கப் போனாரே, அது?” என்றான் குமார். அண்ணன் யோசித்தார். யோசித்தபடியே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி பஸ் ஷெட்டுக்கே போய்விட்டார். மறுநாள் ஏறியதும், “அதுவும் ரிஜெக்ட்பா” என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார். அதோடு அவருடைய கட்சி அவருக்குப் போஸ்டர் ஒட்டும் வேலைகூடக் கொடுக்கவில்லை.

அப்படிப்பட்டவர் தொழிலாளர் கமிட்டித் தேர்தலில் நின்றார். அந்த இடத்தின்மேல் அவருக்கு உண்மையிலேயே ஆசை. கான்டீனில் கேன்டிடேட் என்று கூப்பிட்டால் முகமெல்லாம் சிவக்கும். ஜெயிக்கவும் இருந்தார்.

ஓட்டுக்கு முதல் நாள் டீ இடைவேளையில் குமார் எழுந்தான். “அண்ணா, கம்பெனி ஷெட்ல ஆயுத பூஜை வேணுமா, வேணாமா?”

‘வேணும்’ என்றால் குமார் ஆட்கள் ஓட்டு. ‘வேணாம்’ என்றால் ஆரோக்கியமும் அண்ணனின் கறுப்புச் சட்டை நண்பர்களும். ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும்.

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். “போன வருசம் பூஜை வேணாம்னேன். அதே ஷெட்ல ஆரோக்கியம் கிறிஸ்மஸ் ஸ்டாரு கட்டுனப்ப வாய மூடிகினு இருந்தேன். தப்பு என்துதான். பூஜ இருந்தா ஸ்டாரும் இருக்கட்டும், நாளைக்கு ரம்ஜானுக்குக் கேட்டா அதுவும். வேணாம்னா எதுவுமே வேணாம். ஒண்ணுக்கு மட்டும்தான் எடம்னு நெனக்கிறவங்க எனக்கு ஓட்டு போடாதீங்க.”

“உனக்காக லைன் லைனாப் போயி ஓட்டு கேட்டனேணா!” என்று தலையில் கைவைத்தான் ஆரோக்கியம்.

அண்ணன் சொன்ன எதையும் அதுவரை கேட்காத ஜனம், இந்த ஒரு வேண்டுகோளை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியது. குமாரிடம் ‘வேணும்’, ஆரோக்கியத்திடம் ‘வேணாம்’ என்று தனித்தனியாகச் சொல்லி வைத்திருந்த எதிர்வேட்பாளர், எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸ்காரர், ஜெயித்தார்.

எனக்கு ஆறவே இல்லை. “ஒரே ஒரு நாள் மழுப்பியிருக்கலாமேணா?”

“பண்ணிப் பாத்தேன்பா, வூட்ல, கண்ணாடி முன்னாடி. பாதிலயே எனக்குச் சிரிப்பு வந்துட்சி” என்றார். அப்போதும் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து சீட்டில் என் பையை வைத்துவிடுகிறேன். படப்பையில் அவர் ஏறும்வரை யார் கேட்டாலும் எடுப்பதில்லை.